பச்சை ஸ்டிக்கர் பிள்ளை

என் பிள்ளைக்கு ஆஸ்பத்திரியில் உப்புத் தண்ணீரைத்தான் மருந்து என்று கொடுக்கிறார்கள் என்பதை நான் நாக்கால் கண்டுபிடித்தேன். படித்தவர்களுக்கு மைக்ராஸ்கோப்பு, டெஸ்ட் டியூப்பு என்று ஆயிரம் இருக்கும். என்னிடம் இருந்தது நாக்கு ஒன்றுதான். அது கொஞ்சம் நீளம் என்று என் மாமியார் வீட்டில் கல்யாணமான புதிதிலேயே தீர்ப்பு சொல்லிவிட்டார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மார்கழி அது. தி.நகரில் ஒரு பாத்திரக்கடையில் நான் சேல்ஸில் இருந்தேன். பிள்ளை பெற்று வீட்டோடு கிடந்துவிட்டு, பொங்கல் வியாபாரத்துக்குத் திரும்பி வந்துவிடுகிறேன் என்று முதலாளியிடம் வாக்குக் கொடுத்திருந்தேன். என் வீட்டுக்காரர் மேற்கு மாம்பலத்தில் ஜாக்கெட் தைக்கும் டெய்லர். அதிகம் பேசமாட்டார். பாதி நேரம் அவர் வாயில் குண்டூசி இருக்கும், மீதி நேரம் நான் பேசிக்கொண்டிருப்பேன். பிள்ளைக்கு அப்போது ஏழு மாதம்.

முதலில் சாதாரண ஜலதோஷம்தான். மூக்கு ஒழுகியது. மாமியார் மங்கி குல்லா மாட்டினார், வசம்பைச் சுட்டு உரைத்து நாக்கில் தடவினார், கற்பூரம் போட்டுக் காய்ச்சிய எண்ணெயை நெஞ்சில் தேய்த்தார். தெருமுனை டாக்டர் சிவப்பாக ஒரு டானிக் கொடுத்தார். இத்தனை மரியாதைக்கும் மசியாமல் சளி இறங்கிப் போய் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. மூச்சு விட்டால் பூனைக்குட்டி கத்துகிற மாதிரி ஒரு சத்தம். அப்புறம் பால் குடிக்க மறுத்தான். வாய் வைப்பான், ஒரு இழுப்பு இழுப்பான், விட்டுவிட்டு மூச்சுக்கு அலைவான். சட்டையைக் கழற்றிப் பார்த்தால் ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே போய்ப் போய் வந்தது. ஆட்டோ பிடித்து மயிலாப்பூர்ப் பக்கம் இருந்த ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

வெளியே மயிலாப்பூர் முழுக்க மார்கழிக் கச்சேரி நடந்துகொண்டிருந்தது. எங்கள் வார்டில் அதைவிடப் பெரிய கச்சேரி. கட்டிலுக்குக் கட்டில் ஒரு வீசிங். ஒரு பிள்ளை மேல் ஸ்தாயியில் இழுக்கும், ஒன்று கீழே நின்று உறுமும், பக்கவாத்தியத்துக்கு நெபுலைசர் மிஷின் கொர்ரென்று ஓடும். மருந்தைப் புகையாக்கி, ஒரு முகமூடி வழியாகப் பிள்ளையின் மூக்குக்கும் வாய்க்கும் அனுப்புகிற மிஷின் அது. பிள்ளைகள் எல்லாம் அந்த முகமூடியைக் கண்டாலே கைகால் உதறின.

வார்டைப் பார்த்துக்கொண்டது ஒரு இளம் டாக்டரம்மா. மயிலாப்பூர்ப் பெண், மேல்படிப்பு படித்துக்கொண்டிருந்தார். கண்ணுக்குக் கீழே கருவளையம், தலையில் என்றைக்கோ வைத்த பூ. நாங்கள் போன உடனே ஆக்சிஜன் வைத்தார், மூக்கைச் சுத்தம் செய்தார், அப்புறம் என்னை உட்கார வைத்து நிதானமாக ஒரு விஷயம் சொன்னார். தன் படிப்புக்காக ஒரு ஆராய்ச்சி செய்கிறாராம். இந்த மாதிரிச் சின்னக் குழந்தைகளுக்குப் புகையாகக் கொடுக்கக் கூடியவை இரண்டு இருக்கின்றனவாம். சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிய பாட்டில் ஒன்று, பச்சை ஸ்டிக்கர் ஒட்டிய பாட்டில் ஒன்று. எந்தப் பிள்ளைக்கு எது என்பது குலுக்கல் முறையில் வரும். எதற்குள் என்ன இருக்கிறது என்று அவருக்கும் தெரியாது, சிஸ்டருக்கும் தெரியாது, கீழே மருந்தறையில் கலந்து வைக்கிறவருக்கு மட்டும்தான் தெரியும். வேண்டாம் என்றாலும் சரி, நடுவில் விலகினாலும் சரி, மற்ற வைத்தியத்தில் குறை வைக்கமாட்டோம் என்றார்.

நான் பிள்ளையின் விலாவைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினேன். கையெழுத்துக் கேட்டார், போட்டேன். அந்த நேரத்தில் வீட்டை எழுதிக் கொடு என்றிருந்தாலும் போட்டிருப்பேன். எங்களுக்கு வீடு இல்லை என்பது வேறு விஷயம். என் பிள்ளைக்குக் குலுக்கலில் பச்சை ஸ்டிக்கர் வந்தது.

பக்கத்துக் கட்டிலில் ராயப்பேட்டையிலிருந்து வந்த ஒரு பாய் வீட்டுப் பெண். அவள் வீட்டுக்காரர் புடவைக்கு ஜரிகை வேலை செய்கிறவர். அவளுக்கு என் வயதுதான் இருக்கும், ஆனால் வந்ததிலிருந்து என்னை அக்கா என்றே கூப்பிட்டாள். பிள்ளையிடம் உருதுவில் கொஞ்சுவாள், சிஸ்டரிடம் மெட்ராஸ் தமிழில் சண்டை போடுவாள். அவள் பெண் குழந்தைக்குச் சிவப்பு ஸ்டிக்கர்.

முகமூடியை எடுத்ததும் பிள்ளைகளின் முகமெல்லாம் ஈரமாக இருக்கும். எந்தத் தாயும் அதை முந்தானையால் துடைப்பாள், துடைத்த கையோடு ஒரு முத்தமும் கொடுப்பாள். அப்படித்தான் அவளும் கொடுத்தாள். கொடுத்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"இன்னாக்கா இது, கொயந்த மூஞ்சி கசக்குது."

என் பிள்ளையின் முகத்தை நான் முத்தமிட்டுப் பார்த்தேன். உப்பு. இன்னொரு கன்னத்திலும் கொடுத்தேன். உப்பைத் தவிர ஒன்றும் இல்லை. எழுந்துபோய் அவள் பெண்ணுக்கு ஒரு முத்தம் வைத்தேன். உப்போடு சேர்ந்து, அடிநாக்கில் மெல்ல ஒரு கசப்பு. அவள் வந்து என் பிள்ளையை ருசி பார்த்தாள். பார்த்துவிட்டு, பரிதாபமாக என் தோளில் கை வைத்தாள்.

"வெறும் உப்புத் தண்ணிக்கா."

கசந்தால்தான் மருந்து. இதை எந்தத் தமிழச்சிக்கும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வேப்பங்கொழுந்து, நிலவேம்பு, பாகற்காய் என்று உடம்புக்கு நல்லது செய்கிற எல்லாமே கசந்துதான் நமக்குப் பழக்கம். இனித்தால் மிட்டாய், உப்புக் கரித்தால் குழம்பு. என் பிள்ளை விலாவை இழுத்துக்கொண்டு கிடக்கிறான், இவர்கள் அவனுக்குக் குழம்பு கொடுக்கிறார்கள். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். நானும் அன்றைக்கு முழுக்க அந்த டாக்டரம்மாவை நினைத்தேன். என்னென்ன வார்த்தைகளால் நினைத்தேன் என்று இங்கே எழுத முடியாது.

விஷயம் வார்டில் பரவ எவ்வளவு நேரமாகும்? சாயங்காலத்துக்குள் எல்லா அம்மாக்களும் எல்லாப் பிள்ளைகளுக்கும் முத்தம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அதுவரை குழாயடியில் முறைத்துக்கொண்டவர்கள்கூட, உங்க பாப்பாவை ஒரு தடவை குடுங்களேன் என்று கேட்டு வாங்கினார்கள். சிஸ்டர் வந்து, ஒன்றின் சளியை இன்னொன்றுக்கு ஒட்ட வைக்கிறீர்களே, அறிவிருக்கிறதா என்று கத்தினார். அறிவு வேலை செய்துகொண்டிருந்ததால்தான் அந்த முத்தமே. சிவப்பு என்றால் கசப்பு, பச்சை என்றால் உப்பு. டாக்டருக்கும் சிஸ்டருக்கும் தெரியக் கூடாது என்று பூட்டிப் பூட்டி வைத்த ரகசியம், அவர்கள் இருவரைத் தவிர வார்டில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

அதோடு வார்டு இரண்டு கட்சியானது. சிவப்பு அம்மாக்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பச்சை அம்மாக்கள் என் கட்டிலைச் சுற்றிக் கூடினார்கள். தலைவி யார் என்று தேர்தல் வைக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை.

கடையில் நான் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன். கையில் தூக்கிப் பார்த்து, கனமாக இருப்பதுதான் நல்ல பாத்திரம் என்று எடுத்துக்கொண்டு போவார்கள். அடியில் ஒரு தகடு சேர்த்து ஒட்டினால் எந்தப் பாத்திரமும் கனக்கும். அவர்களைப் பார்த்து உள்ளுக்குள் சிரித்தவள்தான் நான். ஆனால் கல்லாவுக்கு இந்தப் பக்கம் நிற்கும்போது வருகிற புத்தி, அந்தப் பக்கம் போனால் வருவதில்லை.

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். என் பிள்ளைக்கு அழவும் மூச்சில்லை, அதனால் அவனுக்காக நான் கத்துவது என்று முடிவு செய்தேன். மறுநாள் காலை ரவுண்ட்ஸில் டாக்டரம்மா எங்கள் கட்டிலுக்கு வந்ததும் வழியை மறித்து நின்றேன்.

"பச்சை பாட்டில்ல இருக்கறது வெறும் உப்புத் தண்ணிதானே டாக்டர்?"

அவர் முகம் வெளுத்தது. எனக்குத் தெரியாது, தெரியவும் கூடாது, யார் சொன்னது என்று கேட்டார். யாரும் சொல்லவில்லை, முத்தம் கொடுத்துப் பார்த்தோம் என்றேன். அவர் சிஸ்டரைப் பார்த்தார், சிஸ்டர் மோட்டுவளையைப் பார்த்தார். டாக்டரம்மா பக்கத்தில் இருந்த ஸ்டூலில் மெதுவாக உட்கார்ந்தார். அவர் ஆராய்ச்சியை நாங்கள் நக்கித் தீர்த்துவிட்டோம் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை. புரிந்திருந்தாலும் கவலைப்பட்டிருக்க மாட்டேன்.

நல்ல மருந்தை வைத்துக்கொண்டு பாதிப் பிள்ளைகளுக்கு ஏன் தரவில்லை என்று கேட்டேன். அவர் குரலை உயர்த்தவில்லை.

"எது நல்லதுன்னு தெரிஞ்சிருந்தா நான் எதுக்கும்மா ரெண்டையும் வெச்சுண்டு ஒப்பிட்டுப் பாக்கப்போறேன்?"

கசப்பு மருந்து மூச்சுக்குழாயை விரித்துக்கொடுக்குமாம். பெரியவர்களின் ஆஸ்துமாவுக்கு அருமையாகக் கேட்குமாம். ஆனால் இவ்வளவு சின்னக் குழந்தைக்குக் குழாயே உள்ளுக்குள் வீங்கி, சளி அடைத்துக்கொண்டிருக்கிறது, அங்கே விரிப்பதற்கு இடம் உண்டா இல்லையா என்பதுதான் கேள்வியாம். உப்பு ஈரம் சளியை இளக்கலாம், இளக்காமலும் போகலாம். உலகத்தில் யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது என்றார். ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள், நீங்கள் எத்தனையில் நிற்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் ஸ்டெதஸ்கோப்பை எடுத்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

சாயங்காலம் பார்வையாளர் நேரத்தில் என் வீட்டுக்காரர் வந்தார். நடந்ததைச் சொன்னேன். லைனிங் துணி சுருங்குமா என்று பார்க்க ஒரு துண்டை நனைத்துப் பார்ப்போமே, அது மாதிரித்தானே என்றார். டாக்டரம்மாவுக்கு வக்காலத்து வாங்க என் வீட்டிலேயே ஆள் இருந்தது எனக்குத் தெரியாமல் போயிற்று.

"என் புள்ள துண்டுத் துணியா உனக்கு?" என்று கேட்டேன்.

ஆராய்ச்சியிலிருந்து விலகுகிறேன், கசப்பு மருந்தைக் கொடுங்கள் என்று டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவர் கெஞ்சுவார், மிரட்டுவார் என்று எதிர்பார்த்து நான்கைந்து பதில்களைத் தயாராக வைத்திருந்தேன். அவர் சரி என்று மட்டும் சொன்னார். வார்டில் வழக்கமாகக் கொடுப்பது அந்த விரிக்கிற மருந்துதான், அதையே தருகிறேன் என்றார். அவ்வளவு சுலபமாக ஜெயித்ததில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட.

ஸ்டிக்கர் இல்லாத பாட்டிலிலிருந்து சிஸ்டர் மருந்தை ஊற்றினார். புகை வந்தது, முகமூடி போட்டார்கள், எடுத்தார்கள். முத்தம் கொடுத்துப் பார்த்தேன். நல்ல கசப்பு. எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை. கீழே கேட்டருகே நின்றுகொண்டிருந்த வீட்டுக்காரருக்கு ஜன்னலிலிருந்து நாக்கை நீட்டி ஜாடை காட்டினேன். அவர் கோயில் கோபுரம் இருந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டார். மற்ற பச்சை அம்மாக்களும் வரிசையாகப் போய் விலகிக்கொண்டார்கள்.

அப்புறம் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து, விலா உள்ளே போவது நிற்கட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

நிற்கவில்லை. நெஞ்சில் கை வைத்தால் தையல் மிஷின் ஓடுகிற மாதிரி இதயம் அடித்துக்கொண்டது. அவன் விரல்கள் நடுங்கின. தூங்காமல் சிணுங்கினான். அடுத்த முறை கொடுத்தார்கள், அதே கதைதான். பூனைக்குட்டிச் சத்தம் அதே சத்தமாக இருந்தது, தோல் அதே மாதிரி உள்ளே போய் வந்தது. டாக்டரம்மா ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார், போனார், மறுபடி வந்து கேட்டார். நெஞ்சுத் துடிப்பு ஜாஸ்தியாகிறது, மூச்சில் மாற்றமில்லை, இதை நிறுத்திவிடலாம் என்றார். நான் கொஞ்சமும் வெட்கப்படாமல், அப்படியானால் பச்சையே கொடுங்கள் என்றேன். அதிலும் பெரிதாக மாற்றம் இருக்கவில்லையே என்றார்.

"அப்போ வேற என்ன இருக்கு டாக்டர்?"

"ஆக்சிஜன் இருக்கு. மூக்கைச் சுத்தம் பண்ணிண்டே இருப்போம். ட்யூப்ல பால் குடுப்போம். மத்தபடி இதுக்கு வேற மருந்து இல்லம்மா."

அதுவரை நான் பயப்படவில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. எங்கோ ஒரு நல்ல மருந்து இருக்கிறது, அதை எவரோ என் பிள்ளைக்குத் தராமல் வைத்திருக்கிறார் என்று நினைத்திருந்தவரை எனக்குத் தெம்பு இருந்தது. சண்டை போட்டு வாங்கிவிடலாம். பேரம் பேசியே வளர்ந்தவள் நான். இப்போது பேரம் பேச எதிரே ஆளும் இல்லை, கடையும் இல்லை. கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்து, வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதேன். இவன் போய்விடுவான் என்று நினைத்தேன்.

பக்கத்துக் கட்டில்காரி வந்து என்னோடு தரையில் உட்கார்ந்தாள். அவள் பெண்ணும் கசப்பு மருந்தில் அப்படியேதான் கிடந்தாள். சிவப்பு என்ற பெருமையெல்லாம் அவளிடம் இல்லை. ஃபிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றி என் கையில் வைத்து, குடிக்கா என்றாள். குடித்தேன். நான் பேசாமல் இருந்ததைப் பார்த்து சிஸ்டரே பயந்துபோய் என்னாச்சு என்று வந்து கேட்டார்.

அதற்கப்புறம் செய்ய ஒன்றும் இல்லை. டாக்டரம்மா நேரம் தவறாமல் வந்தார். மூக்கைச் சுத்தம் செய்தார், ட்யூப்பைச் சரிபார்த்தார், விலாவைப் பார்த்தார், போனார். நான் பால் கறந்து கொடுத்தேன், சிஸ்டர் ட்யூப் வழியாக அதை இறக்கினார். நிலைமை எப்போது திரும்பியது என்று என்னால் சொல்ல முடியாது. ஒரு காலையில் பூனைக்குட்டிச் சத்தம் கொஞ்சம் தூரத்திலிருந்து வருகிற மாதிரி இருந்தது. இன்னொரு நாள், மூக்கில் இருந்த ஆக்சிஜன் குழாயைப் பிடுங்கி வாயில் போட்டுச் சப்பிக்கொண்டிருந்தான். சிஸ்டர் திட்டினார். எனக்கு அந்தத் திட்டு தேனாக இருந்தது. அன்றைக்கே மடியில் போட்டேன், மூச்சு வாங்காமல் பால் குடித்தான். பக்கத்துக் கட்டில் பாப்பாவும் அந்த வாரமே எழுந்து உட்கார்ந்து, எட்டி என் பிள்ளையின் முடியைப் பிடித்து இழுத்தாள்.

வீட்டுக்கு வந்ததும், காப்பாற்றியது யார் என்று போட்டி நடந்தது. வடபழனி முருகனுக்கு மொட்டை வேண்டிக்கொண்டேன், அதுதான் என்றார் மாமியார். ராயப்பேட்டைக்காரி தர்காவில் ஓதிய கயிறு கட்டியிருந்தாள், அதுவும் பிள்ளையின் கையில் இருந்தது. என்னோடு கடையில் வேலை செய்யும் பெண் சாந்தோம் சர்ச்சில் மெழுகுவத்தி ஏற்றினாளாம். நான் பாட்டுக்கு எல்லாருக்கும் தலையாட்டினேன். உள்ளுக்குள் எனக்கும் ஒரு எண்ணம் இருந்தது. நான் கத்தியதால்தான் டாக்டரம்மா என் பிள்ளையைக் கூடுதலாகக் கவனித்தார், அதனால்தான் பிழைத்தான். எப்படியும் காப்பாற்றியது நான்தான் என்று கணக்கு வைத்திருந்தேன்.

பொங்கல் முடிந்து பல வாரம் கழித்து, பிள்ளையைக் காட்டுவதற்காக மறுபடி போனேன். வார்டு வாசலில், குழந்தைகளை முத்தமிடக் கூடாது என்று பெரிய எழுத்தில் ஒரு போர்டு தொங்கியது. ஊரிலேயே தாய்க்கு அப்படி உத்தரவு போட்ட ஒரே இடம் அதுவாகத்தான் இருக்கும். எங்களால் கெட்டுப்போன ஆராய்ச்சியை டாக்டரம்மா வேறு பிள்ளைகளை வைத்து முதலிலிருந்து செய்து முடித்திருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்தார். எது ஜெயித்தது என்று கேட்டேன். இரண்டும் ஒன்றுதான், எந்தப் பக்கத்துப் பிள்ளைகளும் சீக்கிரமாக வீட்டுக்குப் போகவில்லை என்றார். இதையா இவ்வளவு கஷ்டப்பட்டுக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன். என்னைப் பரீட்சை செய்யப்போகிற பெரிய டாக்டர்களும் இப்படித்தான் கேட்கப்போகிறார்கள் என்றார்.

"அப்போ எது டாக்டர் என் புள்ளையக் காப்பாத்துச்சு?"

அவர் பிள்ளையின் முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டு முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னார்.

"அவனேதாம்மா. அவன் மூச்சு விட்டுண்டே இருந்தான். அதுக்குத் தெம்பு போயிடாம நாங்க பாத்துண்டோம், அவ்வளவுதான்."

வெளியே வந்து ஆட்டோவில் ஏறினேன். லஸ் தாண்டும்வரை எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு பேச்சுக்காவது, நீங்க இருந்ததாலதாம்மா என்று சொல்லியிருக்கலாம். அப்புறம் அந்த வார்டு கண்ணுக்குள் வந்தது. நான் டாக்டரம்மாவை மறித்துக்கொண்டு நின்றபோதும், பச்சைக் கட்சியைக் கூட்டியபோதும், ஜன்னலில் நாக்கை நீட்டியபோதும், தரையில் விழுந்து அழுதபோதும், பக்கத்தில் அந்த ஏழு மாதப் பொடியன் விலாவுக்குள் தோலை இழுத்து இழுத்து அடுத்த மூச்சை விட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கு உதவி கேட்கத் தெரியாது, நிறுத்தவும் முடியாது. நான் ஒரு அடி தூரத்தில்தான் இருந்தேன். ஆனால் அந்த வேலையில் அவனுக்குத் துணையாக யாரும் இல்லை.

ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு, இன்னாம்மா, கொயந்தைக்கு உடம்பு சரியில்லியா என்று கேட்டார்.

"நல்லாத்தான் இருக்காம்பா," என்றேன். சொல்லிவிட்டு தி.நகர் வரும்வரை அழுதேன்.